காலால் மிதிக்கும் பார்க்கிங் பிரேக் பெடல் நிற்கவில்லையா? துடைத்து செட் பண்ணுவதா, வெல்டிங்கா, மாற்றுவதா

பழைய பென்ஸ் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இடது காலால் பார்க்கிங் பிரேக் பெடலை மிதித்தால் கடகடவென்று கீழே இறங்குகிறது, காலை எடுத்ததும் டக்கென்று மேலே வந்துவிடுகிறது. இதைவிட மோசமான ரகமும் உண்டு: நின்றதுபோல் நின்று, நாம் இறங்கிக் கதவைச் சாத்தும் அதிர்ச்சியில் விடுபடும். ஒரு மெக்கானிக் "பல்லுக்கு வெல்டிங் வச்சு ஃபைல் போட்டா போதும் சார்" என்கிறார், இன்னொருவர் அசெம்பிளியையே, அதாவது பெடலும் அதைப் பூட்டும் பல்வரிசையும் கொக்கியும் சேர்ந்த முழுத் தொகுப்பையே மாற்றச் சொல்கிறார், நண்பர் ஒருவர் கியரில் போட்டு நிறுத்தினால் போதும், எதற்கு வீண் செலவு என்கிறார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஆனால் எது தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் சொன்னால் மூன்றுமே தப்பு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துடைப்பதும் செட் பண்ணுவதும் எப்போதும் முதலில். அதில் தீராவிட்டால் நல்ல நிலையில் உள்ள பழைய அசெம்பிளி, கிடைக்காவிட்டால் புதியது. பல்லுக்கு வெல்டிங் வைப்பது என் பட்டியலில் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

நான் இங்கே மனதில் வைத்திருப்பது டபிள்யூ124. ஐரோப்பாவில் 1984 கடைசியில் வந்து, 1995-இல் புனேயில் டெல்கோவோடு (இன்றைய டாடா மோட்டார்ஸ்) சேர்ந்து அசெம்பிள் செய்யப்பட்டு, இ220, இ250டி என்று நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய அந்தப் பெட்டி மாதிரியான இ-கிளாஸ். அடுத்து வந்த டபிள்யூ210-இலும் ஏற்பாடு கிட்டத்தட்ட இதுதான்: காலால் மிதித்துப் பூட்ட வேண்டும், டாஷ்போர்டில் உள்ள கைப்பிடியை இழுத்து விடுவிக்க வேண்டும். பழைய கேம்ரி ஆட்டோமேட்டிக்கிலும் கால் பெடல் உண்டு, ஆனால் அது மறுபடி மிதித்தால் விடுபடும் ரகம், உள்ளே இருக்கும் பொறி வேறு. அதனால் கேம்ரி வைத்திருப்பவர்கள் கீழே சொல்வதில் செட்டிங் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, முதலில் பெடலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பெடலோடு சேர்ந்து ஒரு பல்வரிசை சுழல்கிறது, அதன்மேல் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒரு சின்ன எஃகுக் கொக்கி உட்கார்ந்திருக்கிறது. மிதிக்கும்போது கொக்கி பல் பல்லாகத் தாவுவதுதான் நாம் கேட்கும் க்ளிக் சத்தம். காலை எடுத்ததும் கேபிளின் இழுவை பெடலை மேலே இழுக்கப் பார்க்கும், அப்போது கொக்கி ஒரு பல்லின் செங்குத்தான முகத்தில் மாட்டிக்கொண்டு தடுக்கும். இதில் கவனிக்க வேண்டியது அந்த முகத்தின் சாய்வு. நல்ல பல்லின் முகம் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும், அதனால் இழுவை கூடக் கூட கொக்கி இன்னும் ஆழமாகப் பல்லுக்குள் இறங்கும். முனை உருண்டுபோனால் இது அப்படியே தலைகீழாகிவிடும்: எவ்வளவு பலமாக மிதிக்கிறோமோ அவ்வளவு பலமாக அந்தச் சரிவு கொக்கியை வெளியே தள்ளும். சமதளத்தில் லேசாக மிதித்தபோது நின்ற பெடல், மேட்டில் நன்றாக மிதித்தபோது நழுவுவது இதனால்தான். பலர் இதைப் புரியாமல் இன்னும் ஓங்கி மிதிக்கிறார்கள்.

விசையின் அளவையும் ஒருமுறை மனதில் போட்டுக்கொள்வது நல்லது. கார்களுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 13-எச் சொல்வது, முழுச் சுமையோடு 20 சதவீதச் சாய்வில், அதாவது 5 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் மேட்டில், ஏறுமுகமோ இறங்குமுகமோ பார்க்கிங் பிரேக் வண்டியை நிறுத்த வேண்டும், அதற்குக் காலால் கொடுக்க வேண்டிய விசை 500 நியூட்டனைத் தாண்டக்கூடாது, கை லீவர் என்றால் 400. ஏறக்குறைய 1,400 கிலோ உள்ள காலி வண்டியையே அந்த மேட்டில் கீழே இழுக்கும் விசை 275 கிலோ எடைக்குச் சமம், ஐந்து பேரும் சாமான்களும் ஏறினால் இன்னும் கூடும். பெடலில் 500 நியூட்டன் என்பது சுமார் 50 கிலோ, பெடலின் கை பல்வரிசையின் ஆரத்தைப்போல் மூன்று மடங்கு நீளம் என்று வைத்துக்கொண்டாலே பல்லின் முனையில் 150 கிலோ வந்து உட்காருகிறது. அதுவும் சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு விளிம்பில், இரவு முழுக்க.

இப்போது நோயைப் பிரித்துப் பார்க்கலாம். சமதளத்தில் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, பெடலை மெதுவாக மிதித்து ஒவ்வொரு க்ளிக்காகக் கேளுங்கள். க்ளிக் தெளிவாக இருந்து, பெடலும் நின்று, ஆனால் கட்டையை எடுத்தால் வண்டி நகர்கிறது என்றால் பெடல் நிரபராதி, பின்சக்கரத்தில் ஷூவையோ (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த பாகம்) கேபிளையோ பாருங்கள். பெடல் ஏறக்குறைய தரை வரை போய்த்தான் இறுகுகிறது என்றால் அது செட்டிங் பிரச்சினை, கூடவே தேய்மானமும் இருக்கலாம். க்ளிக் சத்தமே மந்தமாக, சில இடங்களில் கேட்காமலே போய், பெடல் மெல்ல மேலே வந்தால் பெரும்பாலும் காய்ந்த கிரீஸும் களைத்த ஸ்பிரிங்கும்தான். நல்ல க்ளிக், நல்ல இறுக்கம், ஆனால் காலை எடுத்த ஒரு நொடியில் 'டங்' என்று எகிறுகிறதா, அப்போதுதான் பல்லோ கொக்கியோ தேய்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். கால் வழுக்குவது மட்டும்தான் குறை என்றால் ரப்பர் பேட் மழுங்கியிருக்கிறது, புதுப் பேடை மாட்டினால் முடிந்தது, இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம்.

அடுத்தது டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றிவிட்டு ஒரு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பார்ப்பது. இங்கே ஒரு விஷயம் முக்கியம், பெரும்பாலும் யாரும் இதைப் பார்ப்பதில்லை: பல்வரிசை முழுவதும் ஒரே மாதிரித் தேய்வதில்லை. ஆண்டுக்கணக்காக எந்த இரண்டு மூன்று பல்லில் பெடல் வந்து நின்றதோ அவை மட்டும் உருண்டிருக்கும், மேலே உள்ள பற்கள் அநேகமாகப் புதிதாகவே இருக்கும். ஆனால் கொக்கியின் முனை ஒன்றுதான். எந்தப் பல்லில் நின்றாலும் அதே முனைதான் வேலை செய்கிறது. ஆகவே பல் மட்டும் தேய்ந்திருந்தால் செட்டிங் மாற்றித் தப்பிக்கலாம், கொக்கி தேய்ந்திருந்தால் எந்தப் பல்லுக்குப் போனாலும் நழுவும். முதல் வழி போதுமா போதாதா என்பதை முடிவு செய்வது இந்தக் கொக்கியின் முனைதான்.

அந்த முதல் வழிக்கு வருவோம். மண்ணெண்ணெயோ பிரேக் கிளீனரோ போட்டு பல்வரிசை, கொக்கி, அது சுழலும் ஊசி எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். முப்பது வருடக் கிரீஸ், தரைவிரிப்பின் நூல், தூசி எல்லாம் சேர்ந்து களிம்பாகிப் பல்லின் அடியை அடைத்திருக்கும், கொக்கி முழு ஆழத்துக்கு இறங்காமல் பல்லின் நுனியிலேயே நிற்கும். பல் பார்க்க நன்றாக இருந்தும் நழுவுகிற பல வண்டிகளில் காரணம் இதுதான். சுத்தம் செய்தபின் கொக்கி சுழலும் இடத்தில் மட்டும் துளி எண்ணெய், பல்வரிசையில் கிரீஸை அப்பக்கூடாது. கொக்கியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதே அளவில் வேறு ஸ்பிரிங் கிடைக்கும், வால்வு ஸ்பிரிங் மாதிரி முரட்டு ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு டாஷ்போர்டுக் கைப்பிடியை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கைப்பிடி பிளாஸ்டிக், வயதாகியும் விட்டது.

பிறகு பின்சக்கர செட்டிங். இந்த வண்டிகளில் பின்னால் டிஸ்க் பிரேக், ஆனால் டிஸ்கின் நடுக்குடத்துக்குள் ஒரு சின்ன டிரம்மும் இரண்டு ஷூவும் பார்க்கிங் பிரேக்குக்காகத் தனியாக இருக்கின்றன. ஐந்து வீல் போல்ட்டில் ஒன்றைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே ஸ்க்ரூடிரைவரை விட்டு, உள்ளே இருக்கும் நட்சத்திரச் சக்கரத்தைப் பல் பல்லாகத் திருப்பி, சக்கரம் கையால் சுற்ற முடியாதபடி இறுகியதும், உரசாமல் சுழலும் அளவுக்குப் பின்னால் விட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு. கழற்றிய போல்ட்டை 110 நியூட்டன் மீட்டர் டார்க்கில் மாட்டுங்கள், வீல் ஸ்பேனர் மேல் ஏறிக் குதிக்க வேண்டாம்.

பல பட்டறைகளில் இந்த ஓட்டை வேலைக்குப் போகாமல், வண்டிக்கு அடியில் உள்ள கேபிள் நட்டை மட்டும் இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். பெடல் மேலே வந்துவிடும், நமக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளி அப்படியே இருக்கிறது, கேபிள் எப்போதும் பாதி இழுபட்ட நிலையில் நிற்கிறது, உள்ளே ஷூவை விரிக்கும் லீவர் தன் பாதையில் பாதியை ஓய்வு நிலையிலேயே செலவழித்துவிடுகிறது. முதலில் ஷூ, கடைசியில் கேபிள். வரிசை மாறக்கூடாது. உள்ளே பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கையும் பாருங்கள், இது ஓட்டத்தில் தேய்கிற லைனிங் இல்லை, ஆனால் வயதாகி ஷூவிலிருந்து உரிந்துவிடும், துருவும் பிடித்திருக்கும்.

இந்த வழியின் லாபம் என்னவென்றால் பெடல் சில க்ளிக்கிலேயே இறுகும், அதாவது இதுவரை அதிகம் வேலை செய்யாத மேல் பற்களில் வந்து நிற்கும். கொக்கி நன்றாக இருந்தால் இத்தோடு கதை முடிந்தது. செலவு பெரும்பாலும் கூலிதான், சில நூறிலிருந்து ஒன்றிரண்டு ஆயிரத்துக்குள். குறை என்னவென்றால் இது தேய்ந்த பல்லைச் சரிசெய்யவில்லை, அதைத் தவிர்க்கிறது, அவ்வளவுதான். ஷூ தேயவும் கேபிள் நீளவும் பெடல் மறுபடி பழைய இடத்துக்கு இறங்கும், அதனால் ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸின்போது செட்டிங் பார்த்தாக வேண்டும். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

இப்போது வெல்டிங். கோயம்புத்தூரில் லேத் பட்டறை இல்லாத தெரு கிடையாது, கை சுத்தமான ஆட்களும் நிறைய, அதனால் இந்த யோசனை வருவது இயல்பு. தேய்ந்த பல்லின்மேல் மணியாக வெல்டிங் வைத்து, ஃபைலால் வடிவம் கொண்டுவருவது. பார்க்கப் புதுப் பல்போலவே இருக்கும், பெடலும் நிற்கும். சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. இந்த மாதிரிப் பல்வரிசைகளில் பல்லின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டிருக்கும், அதனால்தான் இத்தனை வருடம் தாங்கியது. வெல்டிங் சூடு அந்தக் கடினத்தைச் சுற்றியுள்ள பற்களிலும் சேர்த்து இறக்கிவிடும். அதன்மேல் உட்காரும் உலோகமோ, பட்டறையில் கைக்கு எட்டுகிற சாதாரண 6013 ராடு என்றால், மைல்டு ஸ்டீல் மாதிரி மென்மையானது. இரண்டு மென்மை சேர்ந்து, தேய்ந்த பல்லைவிட வேகமாகத் தேயும் புதுப் பல் கிடைக்கும். கடினமான ராடு இருக்கிறதே என்பார்கள், இருக்கிறது, ஆனால் அதை வைத்தால் ஃபைல் ஏறாது, கிரைண்டர்தான் பிடிக்க வேண்டும், சில மில்லிமீட்டர் பல்லில் அந்த உள்வாங்கிய சாய்வை கிரைண்டரால் கொண்டுவருவது பத்தில் ஒருவருக்குக்கூட அமையாது. வெல்டிங் இல்லாமல் வெறும் ஃபைல் போட்டு விளிம்பைக் கூராக்குவது இன்னும் மோசம், பல்லின் உயரம் குறைகிறது, கடினமான தோலும் போகிறது.

இதைவிட எனக்குப் பயம் தருவது, அரைகுறையாகப் பிடிக்கிற பல். சுத்தமாகப் பிடிக்காத பெடல் ஒருவகையில் நல்லது, நமக்கு அப்போதே தெரிந்துவிடும், கட்டை தேடுவோம். கொக்கியின் நுனியும் பல்லின் நுனியும் ஒன்றன்மேல் ஒன்று முட்டி நின்றால் பெடல் பூட்டியதுபோலவே தோன்றும், பிறகு ஒரு சின்ன அதிர்வில் விடுபடும். அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போன விஷயம். 1990-களின் தொடக்கத்தில் வந்த ஃபோர்டு எஃப் வரிசை பிக்கப்களில் கேபிளின் தொய்வைத் தானே எடுத்துக்கொள்ளும் கால் பெடல் பார்க்கிங் பிரேக் இருந்தது, அதன் பற்கள் இப்படி முனையோடு முனை நின்று நழுவக்கூடும் என்பது குற்றச்சாட்டு. 1994-இல் நெவாடா மாநிலத்தில் எல்கோ என்ற ஊரில் சாய்வில் நிறுத்தியிருந்த ஒரு எஃப்-350 உருண்டு மூன்று வயதுக் குழந்தை இறந்தது. அந்த வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. வழக்கில் ஜூரி 1998-இல் 15 கோடி டாலர் தண்டனை இழப்பீடு விதித்தது, மேல்முறையீடுகளில் அந்தத் தொகை நிலைக்கவில்லை என்பது வேறு கதை. அது தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்த பல். தெரு ஓரத்தில் ஃபைல் போட்ட பல்லை எந்த நம்பிக்கையில் ஏற்றுக்கொள்வது?

லேத் பட்டறையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பல்லைத் தொடாமல் செய்யக்கூடிய நல்ல வேலைகள் அங்கே உண்டு. பெடல் சுழலும் ஊசியும் புஷ்ஷும் தேய்ந்து பெடல் பக்கவாட்டில் ஆடினால், கொக்கி பல்லின் முழு அகலத்தில் உட்காராது, அப்போது புதுப் புஷ் கடைந்து போடுவது சரியான வைத்தியம், வருடக்கணக்கில் நிற்கும். கொக்கியின் ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போயிருந்தாலும் அப்படித்தான். கொக்கியின் முனை மட்டும் தேய்ந்து பல்வரிசை நன்றாக இருக்கும் வண்டியில், புதுக் கொக்கி ஒன்று வெட்டச் சொல்வதைக்கூட நான் ஏற்றுக்கொள்வேன், ஒரு நிபந்தனையோடு. அதை மைல்டு ஸ்டீல் பட்டையில் வெட்டக்கூடாது. இஎன்24 மாதிரி கடினப்படுத்தக்கூடிய அலாய் எஃகில் வெட்டி ஹீட் ட்ரீட்மென்ட் கொடுக்க வேண்டும், அல்லது லாரி லீஃப் ஸ்பிரிங் துண்டில், சூடேறாமல் தண்ணீர் தொட்டுத் தொட்டு மெதுவாக வெட்டி எடுக்க வேண்டும். பழைய கொக்கியை மாதிரிக்குக் கொடுக்கும்போது அதன் தேய்ந்த முனையையே அச்சாக எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இது நடக்கும்.

மூன்றாவது வழி, பழைய வண்டியிலிருந்து கழற்றிய முழு அசெம்பிளி. சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை, கோவைக்காரர்களுக்கு உக்கடம், எதுவும் அமையாவிட்டால் டெல்லி மாயாபுரி என்று நீளும் தேடல். விபத்தில் முன்பக்கம் நசுங்கிய வண்டியிலும் பெடல் அசெம்பிளி நன்றாகவே இருக்கும், ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்து வந்தது என்றால் இன்னும் அதிர்ஷ்டம், ஏனென்றால் ஆட்டோமேட்டிக் ஓட்டுபவர்களில் பாதிப் பேர் பார்க்கிங் பிரேக்கைத் தொடுவதே இல்லை. ஆனால் பெடல்கள் நெருக்கமாக இருக்கும் இடம் என்பதால் உங்கள் மேனுவல் வண்டிக்கு அதே பிராக்கெட்தானா என்று பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். 124 என்று தொடங்கும் பாக எண்ணை முழுவதும் பார்ப்பது இன்னும் நல்லது.

கடையில் பார்க்க வேண்டியது அதிகமில்லை. பெடலைக் கையால் அழுத்தி ஒவ்வொரு பல்லிலும் நிறுத்தி, நிறுத்திய நிலையில் பெடலை மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். கொக்கியின் முனையை நகத்தால் தடவினால் கூர்மை தெரியும். பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். துரு பரவாயில்லை, துருவைத் தேய்த்து எடுக்கலாம், உருண்ட பல்லை எடுக்க முடியாது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் அசெம்பிளியை மட்டும் நான் தவிர்ப்பேன், கொக்கி சுழலும் ஊசிக்குள் போன துரு லேசில் வெளியே வராது. விலை பேரத்தைப் பொறுத்தது, ஆயிரங்களில் முடியும். பெயரைக் கேட்டதும் கடைக்காரர் விலையை ஏற்றுவார், பென்ஸ் என்று சொல்லாமல் கேட்க வழியும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் டபிள்யூ124 பாகங்களில் பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருபவை, அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம். அந்த வண்டிகளில் பார்க்கிங் பெடல் கதவை ஒட்டிய வெளிச்சுவரில் இருக்கும், நம்முடையதில் நடுவில் கியர்பாக்ஸ் மேட்டை ஒட்டி இருக்கும். பிராக்கெட்டே வேறு. பிரிட்டன், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, மலேசியா பக்கம் தேடினால்தான் நம் வண்டிக்குப் பொருந்துவது கிடைக்கும். அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்தால் பாகத்தின் விலையைத் தாண்டிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

புதிய அசெம்பிளி பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிடைத்தால் அதுவே சிறந்தது. பழைய மாடல்களுக்கும் கம்பெனி பாகங்கள் தருகிறது என்றாலும் எல்லாப் பாகமும் எல்லா நேரமும் கிடைப்பதில்லை. பத்தாயிரங்களில் போகும், காத்திருக்கவும் வேண்டும். வண்டியைப் பத்து வருடம் வைத்துக்கொள்ளப் போகிறவர், மலைப்பகுதியில் வசிப்பவர், இவர்களுக்கு நியாயமான செலவு. அடுத்த வருடம் விற்கப் போகிறவருக்கு இல்லை.

மாற்று ஏற்பாடுகள் என்று சில யோசனைகள் உலவுகின்றன. பெடலை எடுத்துவிட்டு நடுவில் ஒரு கை லீவர் வைப்பது அதில் ஒன்று. செய்ய முடியும், ஆனால் பெடல் கேபிளை இழுக்கும் தூரமும் பெருக்கும் விசையும் வேறு, லீவருடையது வேறு; வேறொரு வண்டியின் லீவரைக் கொண்டுவந்து மாட்டினால் ஒன்று கடைசி வரை இழுத்தும் பிடிக்காது, இல்லையென்றால் இரண்டு கையாலும் இழுக்க வேண்டிவரும். தரையில் ஓட்டை போட வேண்டும் என்பதே எனக்குப் போதுமான எதிர்வாதம். இன்னொன்று, பிரேக் ஆயில் லைனில் ஒரு வால்வு வைத்து அழுத்தத்தைப் பூட்டுவது. இது பார்க்கிங் பிரேக்கே இல்லை. ஆயில் அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கும், இரவில் பூட்டியது விடியலில் இருக்காது. பார்க்கிங் பிரேக்கைப் பூட்டி வைக்கும் பாகம் முழுக்க முழுக்க இயந்திரப் பூட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒழுங்குமுறைகள் சொல்வதும் இதற்காகத்தான்.

கடைசியாக, நண்பர் சொன்ன வழி. ஒன்றும் செய்யாமல் கியரில் விட்டு நிறுத்துவது. சமதளமான அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வாழ்க்கையைக் கழிக்கும் வண்டிக்கு இது எத்தனையோ வருடம் ஓடிவிடும், பொய் சொல்ல வேண்டாம். ஆனால் மேனுவல் வண்டியில் முதல் கியரில் விட்டால் வண்டியைப் பிடிப்பது இன்ஜினின் கம்ப்ரஷன், பழைய இன்ஜினில் அது மெல்லக் கசியும், செங்குத்தான இடத்தில் வண்டி விட்டு விட்டு நகரும். ஆட்டோமேட்டிக்கில் பி (பார்க்) போட்டால் முழு எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் விரல் அளவு ஒரு கொக்கியில் தொங்கும். அதாவது வெளியே இருக்கும், மாற்றக்கூடிய, மலிவான கொக்கியைக் காப்பாற்ற, உள்ளே இருக்கும், கியர்பாக்ஸைப் பிரித்தால்தான் எட்டக்கூடிய கொக்கியைத் தேய்க்கிறோம். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், அந்த மாதிரி இடத்தில் ஓரம்கட்டி நிறுத்திவிட்டு பி-யிலிருந்து எடுக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், கேட்டவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, 15 வயது தாண்டிய சொந்த வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க ஆய்வுக்குப் போக வேண்டும், அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. இந்த வண்டிகள் எல்லாமே அந்த வயதைத் தாண்டியவை.

ஆக, கொக்கியின் முனை கூர்மையாக இருந்தால் துடைத்து, ஷூவை செட் செய்து, மேல் பற்களுக்குப் போய்விடுங்கள். கொக்கி மட்டும் போயிருந்தால், நம்பிக்கையான பட்டறை பக்கத்தில் இருந்தால் புதுக் கொக்கி, இல்லையென்றால் பழைய அசெம்பிளி. பல்லும் கொக்கியும் சேர்ந்து போயிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அசெம்பிளிதான். எதை மாட்டினாலும் பின்னால் ஷூ செட்டிங் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள், புதுப் பல்லும் பழைய இடத்திலேயே தேயத் தொடங்கும்.

மாட்டியபின் பழக்கமும் கொஞ்சம் மாற வேண்டும், ஏனென்றால் இந்த முனைகள் தேய்வது மிதிக்கும்போது அல்ல, பெரும்பாலும் விடுவிக்கும்போது. முழு இழுவையில் இருக்கும் பெடலை அப்படியே விட்டுவிட்டு டாஷ்போர்டுக் கைப்பிடியை வெடுக்கென்று இழுத்தால், கொக்கியின் முனை அத்தனை எடையோடும் பல்லின் விளிம்பை உரசிக்கொண்டு வெளியே வருகிறது, பெடலும் மேலே போய் அறைகிறது. அதற்குப் பதில் பெடலை லேசாக ஒரு அழுத்து அழுத்தி, எடை கொக்கியை விட்டு விலகியதும் கைப்பிடியை இழுத்து, பெடலைக் காலோடு மேலே விடுங்கள். நிறுத்தும்போதும் வரிசை உண்டு: கால் பிரேக்கில் இருக்கட்டும், நியூட்ரலில் போட்டு, பார்க்கிங் பிரேக்கைப் பூட்டி, கால் பிரேக்கை விட்டு வண்டி அதன்மேல் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு கியரோ பி-யோ.

பாகம் வரும்வரை டிக்கியில் இரண்டு மரக்கட்டை போட்டு வையுங்கள். லாரி கிளீனர்கள் வண்டி நின்றதும் முதலில் இறங்கிச் செய்வது அதைத்தான், மேட்டில் நிற்கும்போது சக்கரத்தின் கீழ்ப்பக்கத்தில். ரோட்டோரக் கல்லைத் தேடி வைப்பவர்கள் புறப்படும்போது அதை மறக்காமல் எடுத்து ஓரமாகப் போடவும், பின்னால் பைக்கில் வருபவர் அதில் ஏறி விழுவார்.